லீவுக்கு வந்ததும் வண்டி எடுக்கும் முன்: படைவீரருக்கும் கூட்டாளிக்கும் ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராணுவத்துக்குப் போகிற பையன் முதல் சில மாதச் சம்பளத்தில் வாங்குவது பெரும்பாலும் வண்டிதான். வாங்கியவன் அதை ஓட்டுவது குறைவு. சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் வருட லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. அக்னிவீர் என்றால் மொத்தமே 30 நாள். மீதி நாளெல்லாம் வண்டி மாட்டுக் கொட்டகையிலோ தாழ்வாரத்திலோ சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கும். லீவில் வந்த மறுநாள் காலையே அதை உதைத்துக் கிளப்பி, பக்கத்து ஊரிலிருந்து லீவில் வந்திருக்கும் பேட்ச்மேட்டைக் கூட்டிக்கொண்டு ஒகேனக்கல்லுக்குக் கிளம்புவதில்தான் வில்லங்கம் தொடங்குகிறது.

யூனிட்டில் ஒரு ஸ்டோர் ரூமைக்கூட யாரும் வெறுமனே வாங்கிக்கொள்வதில்லை. ‘ஹேண்டிங்-டேக்கிங்’ முடிந்து, எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கைமாறும். வண்டிக்கும் அதுவே முறை. எட்டு மாதம் கொட்டகையிடம் இருந்ததை நீங்கள் திரும்ப வாங்குகிறீர்கள். பார்த்து வாங்க அரை நாள் ஒதுக்குங்கள். கூட்டாளியும் கூட இருந்தால் வேலை பாதி.

முதலில் பார்க்க வேண்டியது சைலன்சர்

டார்ச் அடித்துச் சைலன்சர் வாயைப் பாருங்கள். நம் பக்கத்துக் குளவி மண்கூடு கட்ட அதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. உள்ளே விரல்கடை நீளத்துக்கு வரிசையாக மண் அறைகள் இருக்கும். மெல்லிய கம்பியால் கிளறி, வண்டியை லேசாகச் சாய்த்துத் தட்டினால் பொடியாக உதிரும். கூட்டோடு கிளப்பினால் வண்டி ஒரு நொடி ஓடி மூச்சடைத்து நிற்கும். ‘கார்புரேட்டர் கோளாறு’ என்று மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவீர்கள்.

அடுத்தது ஏர் ஃபில்டர் பெட்டி. மூடியைக் கழற்றினால் உமி, வைக்கோல், பழைய துணி நூல் என்று எலி குடித்தனம் நடத்தியிருக்கும். பெட்டியில் எலி இருந்தது என்றால் ஒயரிலும் பல் பட்டிருக்கும். சீட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஹேண்டில் வரை போகும் ஒயர்க் கட்டை விரலால் தடவிப் பாருங்கள். செம்பு தெரிகிற இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றாமல் சாவியைத் திருப்ப வேண்டாம். ஃபியூஸ் போனால் சின்ன செலவு. ஷார்ட்டாகி ஒயரிங்கே எரிந்தால் லீவே அதில் போய்விடும்.

பெட்ரோலும் பேட்டரியும்

இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பார்ப்பது சுலபம். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தாலோ, டீத்தண்ணீர் நிறத்தில் இருந்து வார்னிஷ் வாடை அடித்தாலோ, மொத்தத்தையும் இறக்கிவிடுங்கள். மேலே இரண்டு லிட்டர் புதுசு ஊற்றிச் சரிக்கட்டுகிற பழக்கம் வேண்டாம்.

கார்புரேட்டர் வண்டியில் ஃப்ளோட் சேம்பரின் அடியில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தி, பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் பெட்ரோல் டேப்பைத் திறந்து புதுசு வரவிடுங்கள். வடிந்ததில் பிசுபிசுப்பாகப் பழுப்பு நிறம் தெரிந்தால் பைலட் ஜெட் அடைத்திருக்க நல்ல வாய்ப்பு. சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் நின்றுவிடும் என்பது அதன் அடையாளம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புது மாசு விதி) வண்டிகளில் பெரும்பாலானவை ஃபியூயல் இன்ஜெக்ஷன். அதில் சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் இரண்டு மூன்று நொடி ‘உஸ்’ என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், பிறகு பேட்டரி, கடைசியாகப் பம்ப் என்ற வரிசையில் பாருங்கள்.

பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்தால் ஊகத்துக்கு இடமில்லை. ஓய்வில் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். 10.5-க்குக் கீழே இறங்கி மாதக்கணக்கில் கிடந்தது என்றால் உள்ளே தகட்டில் சல்ஃபேட் படிந்திருக்கும். சார்ஜ் ஏறியதுபோலக் காட்டிவிட்டு மறுநாள் காலை கைவிடும், அதுவும் பென்னாகரம் தாண்டிய பிறகு. கழற்றும்போது கறுப்பு மைனஸ் ஒயர் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

உதைக்கும் முன்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 மில்லி, என்ஜின் ஆயில் விடுங்கள். கிக்கரைக் கையால் அழுத்துவதுபோல மெதுவாக ஏழெட்டு முறை இறக்குங்கள். கிக்கர் இல்லாத வண்டி என்றால் டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றலாம். காய்ந்துபோன சிலிண்டர் சுவரில் பிஸ்டன் ரிங் உரசிக் கோடு விழாமல் இருக்கத்தான் இது. பிறகு பிளக்கைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். விட்ட ஆயில் எரிந்து முதல் ஒன்றிரண்டு நிமிடம் புகை வரும், பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் கழித்தும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் மெக்கானிக்.

ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் ஓடட்டும். ஆக்ஸிலேட்டரை முறுக்கி ‘சூடு பண்ணுவது’ வேண்டாம், ஆயில் மேலே ஏறும் முன் கேம் தேயும். சூடான பிறகு ஆயிலை வடித்து மாற்றிவிடுங்கள். கிலோமீட்டர் ஓடவில்லையே என்று விடக்கூடாது. நின்ற வண்டியின் ஆயிலிலும் ஈரம் சேரும். வடிந்தது மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. புது ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்கிறதா பாருங்கள். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

கிளட்ச் என்றதும் இன்னொன்று. நாள்பட நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டதும் வண்டி தவளைபோல் பாய்ந்து எதிர்ச்சுவரில் முட்டுவது இதனால்தான். என்ஜின் அணைந்திருக்கும்போதே கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் நாலு முறை ஆட்டினால் விடும்.

பிரேக்கில் டிரம் வகை என்றால் லீவரை விட்டதும் பிரேக் ஆர்ம் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் கேம் துருப்பிடித்திருக்கிறது, கழற்றி உப்புத்தாள் தேய்த்துத் துளி கிரீஸ் வைக்க வேண்டும். டிஸ்க்கில் மேலே படிந்த துரு நாலு முறை பிடித்தால் போய்விடும். ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓட்டி வந்து டிஸ்க் அருகே கையைக் கொண்டுபோகும்போதே அனல் அடித்தால் காலிப்பர் பிஸ்டன் ஒட்டியிருக்கிறது. செயினில் 90 கிரேடு கியர் ஆயில் போட்டு, நடுவில் மேலும் கீழும் ஆட்டினால் 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருப்பது பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. டயரின் பக்கச்சுவரில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வயது தாண்டியிருந்து, பக்கத்தில் வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். காற்றழுத்த அளவு செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு அதில் தனிக் கணக்கு உண்டு.

காகிதம்

2018 செப்டம்பர் முதல் விற்ற புது வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. அந்த ஐந்தாண்டு முடிகிற நாள் நீங்கள் ஏதோ ஒரு போஸ்ட்டில் சிக்னல் இல்லாமல் இருக்கும் நாளாக இருக்கலாம். ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று, லைசென்ஸ் நான்கையும் டிஜிலாக்கரில் ஏற்றி, முடிவுத் தேதிகளை வீட்டுக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். ராணுவ அடையாள அட்டை வண்டி லைசென்ஸுக்கு மாற்று அல்ல. நம்பர் பிளேட்டில் ‘ஆர்மி’ என்று எழுதுவதும் வேண்டாம், அந்த இடம் எண்ணுக்கு மட்டும்தான்.

ஓட்டுபவருக்கும் டேக்கிங் உண்டு

இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தவர் அன்றே நெடுஞ்சாலை ஏறக்கூடாது. ஓர் இரவு தூங்கி எழுந்து, சந்தை கூடாத நாளில் சந்தைத் திடலுக்கோ பள்ளி மைதானத்துக்கோ போய் அரை மணி நேரம் பழகுங்கள். எட்டு போடுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் முன் பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துங்கள். முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல் எலுமிச்சை பிழிவதுபோல அழுத்த வேண்டும். கை அதை மறந்திருக்கும். 60 கிலோமீட்டரில் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறீர்கள். கண் பார்த்துக் கை பிடிப்பதற்குள் ஒரு நொடி, பிறகு வண்டி நிற்க இருபது மீட்டருக்கு மேல், ஆக சுமார் நாற்பது மீட்டர் ஆகும்.

இரண்டு வண்டி, ஒரு ஜோடி

படையில் ‘பட்டி’ (ஆங்கிலத்தில் buddy, துணையாள்) என்று சொல்லும் ஜோடி முறை எல்லோருக்கும் தெரியும். ஒருவர் நகரும்போது மற்றவர் பார்த்துக்கொள்வார். சாலையிலும் அதைத்தான் செய்ய வேண்டும், ஆனால் லீவில் வந்ததும் பலர் அதை மறந்து பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேசுவார்கள். பேச்சு டீக்கடையில்.

மெதுவாகப் போகிற வண்டி எப்போதும் முன்னால். 100 சிசி வண்டியும் 350 சிசி வண்டியும் சேர்ந்து போனால் 100 சிசி முன்னே போகட்டும். பின்னால் இருப்பவர் எட்டிப் பிடிக்க விரட்டும்போதுதான் வளைவில் விழுகிறார். இடது லேனுக்குள் முன்வண்டி சற்று வலப்பக்கமாகவும் பின்வண்டி இடப்பக்கமாகவும் போனால் இருவருக்கும் பார்வை மறையாது. குறுகலான சாலையிலும் வளைவிலும் ஒற்றை வரிசை.

இடைவெளிக்குப் பரேடு கணக்கே போதும். ‘தேஜ் சல்’ என்ற விரைவு நடையில் நிமிடத்துக்கு 120 காலடி, ஆகவே இரண்டு காலடிக்கான ஒரு ‘ஏக்-தோ’ (ஒன்று-இரண்டு) சரியாக ஒரு நொடி. முன்வண்டி ஒரு மரத்தைக் கடந்ததும் மனசுக்குள் ‘ஏக்-தோ, ஏக்-தோ’ சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்த மரத்தைத் தொட்டுவிட்டால் ரொம்ப நெருக்கம். மழையில் நான்கு முறை.

சைகைக்கு இடது கை, குழிக்கு இடது கால் நீட்டிக் காட்டுவது, பெட்ரோல் வேண்டும் என்றால் டேங்கைத் தட்டுவது, இவ்வளவு போதும். ஒவ்வொரு கூட்டுரோட்டிலும் முன்னவர் நின்று, பின்னவர் கண்ணில் பட்ட பிறகுதான் திரும்ப வேண்டும். பிரிந்துவிட்டால் போன் அடித்துக்கொண்டே ஓட்ட வேண்டாம். கிளம்பும்போதே ஆர்.வி., அதாவது சந்திக்கும் இடம், குறித்துக்கொள்ளுங்கள்: காரிமங்கலம் மேம்பாலத்துக்கு அடியில், பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு வாசலில் என்று.

பணத்திலும் முன்கூட்டிய பேச்சு நல்லது. 200 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 60 தருகிற வண்டி மூன்றேகால் லிட்டர் குடிக்கும், 35 தருகிறது ஆறு லிட்டருக்குக் கிட்டே குடிக்கும். பெட்ரோலைச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு மனசுக்குள் உறுத்தும். சொல்லவும் மாட்டார். பெட்ரோல் அவரவருக்கு, சாப்பாடு பொதுவில் என்று வைத்துக்கொள்ளலாம். கேன்டீன் மதுப் பாட்டில் பயணத்தில் வேண்டாம். சட்ட அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான். முந்தைய இரவு நிறையக் குடித்தவருக்குக் காலை ஏழு மணிக்கும் அதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். ‘நீ தூங்கு, மத்தியானம் போலாம்’ என்று சொல்ல வேண்டியது கூட்டாளிதான்.

நம் பக்கத்துச் சாலைகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தொப்பூர் இறக்கம்தான் கவனம் கேட்கிற இடம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும்போது நீண்ட சரிவு. பாரம் ஏற்றிய லாரிகளுக்கு அதில் பிரேக் சூடேறிக் கைவிடும். எரிந்த ரப்பர் போன்ற வாடை வந்தால் அருகே ஒரு லாரியின் பிரேக் வேகிறது என்று அர்த்தம். அதன் முன்னால் ஒருபோதும் இருக்காதீர்கள். இடம் விட்டுப் பின்னே தங்குங்கள், அல்லது இடது ஓரம் நின்று அதைப் போகவிடுங்கள். உங்கள் வண்டியை மூன்றாம் கியரில் வைத்து என்ஜினால் பிடியுங்கள். நியூட்ரலில் உருட்டி மிச்சப்படுத்தும் பெட்ரோல் ஒரு டீ காசுகூட ஆகாது.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். கடைசிப் பகுதி காட்டு இறக்கம். குரங்குக்குத் தின்பண்டம் எறிய நிறுத்திய கார்கள் வளைவிலேயே நிற்கும். கிளம்பும் முன் ஆற்றில் நீர்வரத்தை விசாரியுங்கள், கர்நாடகத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் பரிசலும் குளியலும் நிறுத்தப்படும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக வருவது அழகான பாதை. ஆனால் அது யானைக் காடு, 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி அதை ஒட்டித்தான் இருக்கிறது. கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கும். மாலை நாலு மணிக்குப் பிறகு அந்தப் பாதையைத் தொடாதீர்கள். முன்னே யானை தெரிந்தால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், திருப்பிக்கொண்டு வாருங்கள்.

புத்தகத்தில் இல்லாத ஆபத்து ஒன்று கிராமச் சாலையில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கேழ்வரகு, கொள்ளு, அவரைச் செடிகளை வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று தார்ச்சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வெண்ணெயில் போவதுபோல வழுக்கும். கொள்ளுக்கொடி செயினில் சுற்றும், சூடான சைலன்சரில் ஒட்டிக் கருகும். தூரத்திலேயே வேகம் குறைத்து, நேராக, பிரேக் தொடாமல் கடந்து, அந்தப் பக்கம் நிறுத்திக் குனிந்து ஒருமுறை பாருங்கள். கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் கிரானைட் லாரிகள் போகும் சாலையில் திருப்பங்களில் கல்தூளும் எம்-சாண்டும் கிடக்கும். ராயக்கோட்டைப் பக்கம் நசுங்கிய தக்காளி. சிரிப்பாகத் தோன்றும், ஈரத் தக்காளித் தோல் எண்ணெய்க்குச் சமம்.

விழுந்துவிட்டால் முதலில் 108. காயப்பட்டவரின் யூனிட்டுக்கு அன்றே தகவல் சொல்வது கூட்டாளி பொறுப்பு. அதனால் இருவரும் மற்றவரின் யூனிட் எண், வீட்டு எண், ரத்த வகை மூன்றையும் பர்ஸில் எழுதி வைத்திருக்க வேண்டும், போன் உடைந்தாலும் தாள் இருக்கும். லீவில் பட்ட காயத்துக்கும் யூனிட்டில் விசாரிப்பார்கள். போலீஸ் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, லைசென்ஸ் நகல் மூன்றும் கையில் இல்லாவிட்டால் ஓ.எஸ்.எல். (லீவு முடிந்தும் திரும்பாதது) தலைவலியும் சேர்ந்துகொள்ளும்.

யூனிட்டில் வண்டியைக் கூட்டாளியிடம் விடும்போது

வண்டியைப் பணியிடத்துக்கே கொண்டுபோகிறவர்கள் ரயில் பார்சலில் போடலாம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லை. மொரப்பூரில் ரயில் நிற்கும் நேரமும் கொஞ்சம்தான். ஏற்றி இறக்க வசதியான சேலம் போன்ற பெரிய நிலையத்தில் போடுவது நல்லது. டேங்கைச் சொட்டுவிடாமல் காலி செய்யுங்கள், ஹேண்டில் லாக் போடாதீர்கள், நியூட்ரலில் விடுங்கள், கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வையுங்கள். ஹெட்லைட்டுக்கும் டேங்குக்கும் அட்டை வைத்துச் சாக்குச் சுற்றித் தையுங்கள். சேரும் நிலையத்தின் பெயரைக் கெட்டி அட்டையில் இரண்டு பக்கமும் எழுதிக் கட்டுங்கள். வேறு மாநிலத்தில் தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு வேண்டும் என்பது சட்டம். அடிக்கடி மாற்றல் உள்ளவர்களுக்காக, மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பிஎச் வரிசை எண் 2021-இல் வந்தது. படையினர் அதற்குத் தகுதி உள்ளவர்கள். புது வண்டி வாங்கும்போதே ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள்.

நீங்கள் லீவில் வரும்போது வண்டி அங்கே ஒருவரிடம் நிற்கும். கூட்டாளிதானே என்று சாவியை எறிந்துவிட்டு வருவதில்தான் பல நட்புகள் கசந்திருக்கின்றன. அவர் லைசென்ஸில் கியர் வண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டி கொடுத்தால் உரிமையாளருக்கே 5,000 ரூபாய் அபராதம், விபத்து என்றால் நஷ்டஈட்டுக் கணக்கும் உங்கள் தலையில் விடியலாம். ஒரு துண்டுத்தாளில் நாலு வரி: ஓடிய கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஏற்கெனவே உள்ள கீறல், வேறு யாருக்கும் கொடுக்கலாமா கூடாதா. கடைசி வரியை வாயால் சொல்வது சங்கடம், எழுதினால் சங்கடமில்லை. அவரும் தன் பங்குக்கு வாரம் ஒருமுறை பத்து கிலோமீட்டர் ஓட்டினால் பேட்டரி பிழைக்கும். ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவது உதவாது, சார்ஜ் ஏறுவதற்குள் ஈரம்தான் சேரும்.

லீவு முடிகிற மாலை

வண்டியைக் கழுவிக் காயவிடுங்கள். டேங்கை நிரப்புங்கள், காலி இடம் இல்லாவிட்டால் உள்சுவரில் துரு ஏறாது, இன்ஜெக்ஷன் பம்பும் முங்கியிருக்கும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடி, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பிளக் துளையில் மீண்டும் ஒரு டீஸ்பூன் ஆயில். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் பலகை மேல் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடத் தம்பியிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ சொல்லுங்கள். சென்டர் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை, சீட்டுக்கு அடியில் துணியில் கட்டிய நாலு பாச்சா உருண்டை. பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும், பழைய வேட்டியே மேல். சைலன்சர் வாயில் துணியை உருட்டி அடையுங்கள், அதன் முனை வெளியே ஒரு முழம் தொங்கட்டும்.

பிறகு ஹேண்டிலில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். அதில் தேதி, கிலோமீட்டர், ஆயில் மாற்றிய நாள், காப்பீடு முடியும் நாள். கீழே கொட்டை எழுத்தில்: ‘சைலன்சரில் துணி இருக்கிறது. எடுத்துவிட்டு உதை.’